புதுவயல் ஆலைச் சாம்பலை என்ன செய்வது?

களத்துமேடு, புதுவயல் | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது அப்பா காலத்துப் புழுங்கல் அரிசி ஆலை. நாளொன்றுக்கு 20 டன் நெல் அவிக்கிறோம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதாவது 4 டன். ஏறக்குறைய அவ்வளவும் எங்கள் பாய்லருக்கே எரிபொருளாகிவிடுகிறது. எரிந்த உமியில் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. தினமும் 700, 800 கிலோ சேர்கிறது.

முன்பெல்லாம் செங்கல் சூளைக்காரர்கள் டிராக்டரில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது அவர்கள் வருவதில்லை. ஆலைக்குப் பின்னால் பனைமரங்களின் அடிவரை மேடு வளர்ந்து நிற்கிறது. காற்றடித்தால் ஊருக்குள் பறக்கிறது.

போன வாரம் பின்தெருவில் இருக்கும் ஓர் ஆச்சி, ஒரு முறம் நிறைய மோர்மிளகாய் எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்தார்கள். திட்டவில்லை. முறத்தை என் மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொரு மிளகாயின் மடிப்பிலும் ஊசிமுனை அளவு கருந்துகள். மோரோடு சேர்ந்து காய்ந்துவிட்டதால் ஊதினாலும் போகவில்லை, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. “மூன்று நாளாக வளவு முற்றத்தில் காய்ந்தது தம்பி, நீயே பார்” என்று சொல்லிவிட்டு, முறத்தை அங்கேயே விட்டுப் போய்விட்டார்கள். அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில் இயந்திர வியாபாரி ஒருவர் வந்திருக்கிறார். சாம்பலிலிருந்து சிலிக்கா பிரித்தெடுக்கும் இயந்திரமாம். 6 லட்சம் முன்பணம் கேட்கிறார். சாம்பல் மேடு முழுவதும் பணம் என்கிறார். கொடுக்கலாமா? இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மின்வேதி, காரைக்குடி | வெள்ளி, இரவு 10.25

அண்ணே, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் சாம்பல் என்ன நிறம்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் வேதியியல் படித்தவள், ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உமிச் சாம்பல் என்பது ஒரே பொருள் அல்ல. நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்குவரை சிலிக்கா இருக்கும், அது உண்மை. ஆனால் அந்தச் சிலிக்கா எந்த வடிவில் இருக்கிறது என்பதில்தான் விலை இருக்கிறது. சுமார் 700 டிகிரி செல்சியசுக்குள் எரிந்தால் சிலிக்கா படிகமாகாமல் நிற்கும். சுண்ணாம்போடும் காரத்தோடும் உடனே வினை புரியும். வெப்பம் 800ஐத் தாண்டினால் படிகமாகத் தொடங்கும். அதன்பின் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தாலும் எளிதில் கரையாது. அந்த வியாபாரி சொல்லும் முறைக்குக் கரைவது முக்கியம். சாம்பலைக் காரத்தில் கரைத்துச் சோடியம் சிலிகேட் ஆக்கி, அதில் அமிலம் விட்டு வெண்சிலிக்காவைப் படியவைப்பதுதான் அந்த முறை. டயருக்கும் பற்பசைக்கும் போவது அந்த வெண்தூள்.

கருப்பாக இருந்தால் எரியாத கரி நிறைய இருக்கிறது என்று பொருள். வெளுத்து இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் பெரும்பாலும் வெப்பம் மிஞ்சிப்போயிருக்கும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, எக்ஸ்-கதிர்ச் சோதனைதான் சொல்லும். படிகமான சிலிக்காவின் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு. அள்ளுகிறவர்களுக்கு இன்றைக்கே நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டு அள்ளுவது போதாது.

களத்துமேடு, புதுவயல் | வெள்ளி, இரவு 10.50

அடியில் வாரும் சாம்பல் சாம்பல் நிறம், அங்கங்கே வெள்ளை. புகைபோக்கிப் பக்கம் படிவது கன்னங்கரேலென்று இருக்கிறது. இரண்டையும் ஒரே மேட்டில்தான் கொட்டுகிறோம்.

மின்வேதி, காரைக்குடி | வெள்ளி, இரவு 11.05

இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள் அண்ணே. இரண்டும் இரண்டு சரக்கு. தனித்தனிச் சாக்கு போடுங்கள்.

நார்க்கயிறு, சிங்கம்புணரி | சனி, காலை 6.15

தம்பி, நான் மட்டை மில் வைத்திருக்கிறேன். உங்கள் கதையின் முதல் பாதி என் கதை.

தேங்காய் மட்டையை அடித்தால் நூற்றுக்கு 30 பங்குதான் நார். மீதி 70 பங்கும் தூள். அந்தத் தூள் எங்கள் மில்லைச் சுற்றி மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் செம்பழுப்பு நீர் வடிந்து பக்கத்து வயலில் இறங்கும். வெளிநாட்டில் மண் இல்லாமல் செடி வளர்க்க இந்தத் தூளைக் கட்டியாக வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கிக் கட்டி அழுத்தும் இயந்திரம் போட்டேன். 5 கிலோ கட்டி, பார்க்க அழகாக இருந்தது. முதல் கண்டெய்னரையே வாங்கியவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். உப்பு.

மட்டைத்தூளில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே உண்டு. நான் அதைக் கழுவாமலே அழுத்தினேன். பிறகு கழுவினேன், எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரால். அந்த நீரே உப்பு! உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது கையில் அடங்கும் ஒரு ஈ.சி. மீட்டர், நீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் கருவி. ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, ஊறவைத்து, வடித்து, மீட்டரை முக்கிப் பார்க்க வேண்டும். 0.5க்குக் கீழே இறங்கினால்தான் அந்தச் சந்தைக்குப் போகும். இப்போது மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கழுவுகிறேன். சிலருக்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தும் கொடுக்கிறேன். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டிக்குத் தேறாத தூளை உரமாக்குகிறேன். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, அடுக்கடுக்காகச் சிப்பிக்காளான் வித்து, ஈரம் காயாத நிழல். ஒரு மாதத்தில் செந்தூள் கருத்து, உதிர்ந்து, நாற்றமில்லாமல் மண் போலாகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கயிறு வாரியமும் சொல்லிக் கொடுத்த முறை இது. இதற்கு இயந்திரமே வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். இயந்திரத்தை நான் முதலில் வாங்கினேன், மீட்டரைக் கடைசியில் வாங்கினேன். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள்.

தவிட்டு மண்டி, தேவகோட்டை | சனி, காலை 8.30

எல்லோரும் சாம்பலையே பேசுகிறீர்கள். நூறு கிலோ நெல்லுக்கு 5 முதல் 8 கிலோ தவிடு வருகிறதே, அதை என்ன விலைக்குப் போடுகிறீர்கள்?

தவிட்டுக்குள் எண்ணெயும் இருக்கிறது, அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் இருக்கிறது. பச்சரிசித் தவிடு ஆலையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்தே கெடத் தொடங்கும். புழுங்கலில் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி அடங்கிவிடுகிறது, எண்ணெய்ப் பங்கும் கூடுதல். நூற்றுக்கு 20க்கு மேல் தேறும். புதுவயல் ஆலைகளுக்கு இயற்கையாகக் கிடைத்த சலுகை அது. ஆனால் பாதிப் பேர் உமித்தூளைக் கலக்கவிட்டு மாட்டுத்தீவன விலைக்கு விற்கிறார்கள். எண்ணெய் ஆலைக்காரர் பார்ப்பது மூன்றே மூன்று: எண்ணெய் எத்தனை சதம், அமிலம் எவ்வளவு, மணல், உமி எவ்வளவு. சல்லடையை மாற்றி, தவிட்டை ஈரமில்லாமல் அன்றன்றே அனுப்பிப் பாருங்கள். ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல் விலை ஏறும். எண்ணெய் பிழியும் ஆலை போடலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். கரைப்பானில் பிரிக்கும் தொழில் அது, ஒரு ஆலையின் தவிட்டுக்குக் கட்டுப்படியாகாது.

சுண்ணாம்புக் காரை, ஆத்தங்குடி | சனி, பகல் 1.10

ஐயா, நான் கொத்தனார். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கிறேன். சிமென்ட் பூசினால் அந்தச் சுவர் மூச்சுமுட்டி ஈரம் உள்ளேயே நின்று பூச்சு உதிரும். அதனால் சுண்ணாம்பே தேடுகிறார்கள். சுண்ணாம்பு தனியாக இறுகச் சுணங்கும். செங்கல் பொடியாகிய சுர்க்கி சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும். அதே வேலையை உமிச் சாம்பலும் செய்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு வளவின் பின்கட்டுச் சுவரில் செய்து பார்த்தேன்.

முதல் கலவையில் கருஞ்சாம்பல் போட்டேன். தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கரண்டியில் நிற்காமல் வறண்டது, இன்னும் நீர் விட்டேன். காய்ந்ததும் உள்ளங்கைக் கோடுகள் போல வெடிப்பு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாம்பல் நிறத்துச் சாம்பலைத் திருகையில் மாவாக அரைத்து, சலித்துப் போட்டேன். அது நின்றது. இரண்டு மழை பார்த்துவிட்டது. நகத்தால் கீறினால் நகம்தான் தேய்கிறது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல். அதனால் அடிப்பூச்சுக்குத்தான் போடுவேன். மேலே முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இழைக்கும் வெண்பூச்சில் இதைக் கலக்கமாட்டேன்.

சாம்பல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருவதுதான் எனக்கு இடைஞ்சல். ஒரே மாதிரி அரைத்துச் சலித்து, மூட்டை கட்டி எவராவது கொடுத்தால் நான் வாங்குவேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் வாங்குவார்கள்.

ஓலைக்கொட்டான், பள்ளத்தூர் | சனி, மாலை 5.45

மோர்மிளகாயோடு வந்த அந்த ஆச்சியைப் பற்றி யாருமே பேசவில்லை. நான் பேசுகிறேன்.

என் வீட்டுக் கொடியிலும் இதே துகள்தான், வேறோர் ஆலையிலிருந்து. வெள்ளை வேட்டி வெள்ளையாக மடித்து எத்தனை நாளாயிற்று! கழிவைக் காசாக்குவதை நானும் மனதார வரவேற்கிறேன். நான் பின்னுவதே பனை ஓலையில்தான். எங்கள் கொட்டான் கூடைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உமியை நாங்கள் கழிவென்று நினைத்ததே கிடையாது. உமிக்கரியில்தான் என் ஐயா பல் துலக்கினார்கள். அந்தத் தம்பி சொன்ன பற்பசைச் சிலிக்காவும் அங்கிருந்து வருகிறது என்று படித்ததும் நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் புகைபோக்கி வழியாகப் பறந்துபோவதை யார் விற்க முடியும்? அதைப் பிடித்தால்தானே சரக்கு? முதலில் பறக்கும் சாம்பலைப் பிடிக்கும் கூம்பு போடுங்கள். மேட்டை மூடுங்கள். அடுத்த வருடம் வரும் லாபத்துக்காக இந்த வருடம் ஊர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது.

களத்துமேடு, புதுவயல் | சனி, இரவு 8.00

நீங்கள் சொல்வது நியாயம் ஆச்சி. திங்கள்கிழமை பட்டறைக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். மேட்டுக்குத் தார்ப்பாய் நாளையே.

மின்வேதி, காரைக்குடி | சனி, இரவு 8.20

ஆச்சி, நான் தம்பி இல்லை, தங்கை. நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

அண்ணே, அந்தச் சிலிக்கா இயந்திரத்தைப் பற்றி நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கந்தக அமிலம் விட்டுச் சிலிக்காவைப் படியவைத்தால், கூடவே சோடியம் சல்பேட் கலந்த உப்புநீர் வெளியேறும். அதை எங்கே விடுவீர்கள்? கண்மாய்களை நம்பி வாழும் ஊர் நம்முடையது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் தொடங்கவே முடியாது, கிடைத்தாலும் அந்த நீருக்கு வழி வேண்டும். அமிலத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திப் படியவைக்கும் முறையும் இருக்கிறது. வியாபாரியிடம் இதைக் கேளுங்கள்.

உமிச் சிலிக்காவிலிருந்து சிலிக்கான் எடுத்து லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்முனைக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சிகளும் உலகில் நடக்கின்றன. என் மனம் அதில்தான் இருக்கிறது. ஆனால் ஆலைக்காரர் ஒருவருக்கு அது இன்றைய வியாபாரம் அல்ல. இரும்பாலைகள் உருக்கிய எஃகின்மேல் வெப்பம் குறையாமலிருக்கப் போர்வையாகத் தூவ உமிச் சாம்பலை வாங்குகின்றன. அதற்குச் சிலிக்கா படிகமாக இருந்தாலும் பரவாயில்லை. சுண்ணாம்பு வேலைக்குக் கொத்தனார் ஐயா வாங்குகிறார். இவை இரண்டும் இன்றைய வியாபாரம்.

இன்னொன்று மனதில் நெடுநாளாக இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்ததே வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. வணிகர் ஒருவர் கொடுத்த கொடை அது. ஆனால் ஆலைக்காரர்கள் ஆய்வகத்தின் வாசலில் நிற்பதை நான் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் 10 கிராமில் செய்கிறோம். ஆலையில் டன்னில் வேண்டும். நடுவில் 50 கிலோ, 100 கிலோ ஓட்டிப்பார்க்க ஒரு பொது இடமும், கூட நின்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. புதுவயல் ஆலைகள் ஒன்றுசேர்ந்து ஒரு அரைவைக் கருவி, ஒரு உலை, ஒரு தராசு போட்டால் போதும். அந்த ஒரு கொட்டகை, எந்த மானியத்தையும்விட உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நார்க்கயிறு, சிங்கம்புணரி | சனி, இரவு 9.15

மானியத்தையும் விட வேண்டாம் அம்மா. பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம்வரை திட்ட மதிப்பு, கிராமப்புறத்தில் 25 முதல் 35 சதம் மானியம். உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு 2020இல் வந்த திட்டத்தில் 35 சதம், உச்சம் 10 லட்சம். இப்போதைய விதிகளைச் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிட்டுப் போங்கள். ஆனால் மானியம் கிடைக்கிறதே என்று இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கருவேலங்காடு, இளையான்குடி | ஞாயிறு, காலை 7.00

சீமைக் கருவேலத்துக்கு இப்படி ஏதாவது வழி உண்டா? கரிமூட்டம் போட்டு அலுத்துவிட்டது. நான்கைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி. மீதியெல்லாம் புகை.

மின்வேதி, காரைக்குடி | ஞாயிறு, காலை 9.30

மூடிய இரும்பு உலையில் சுட்டு, எழும் புகையையே திருப்பி எரித்தால் கரியும் கூடும், கண் எரிச்சலும் குறையும். காயை உலர்த்தி விதை உடையும்படி அரைத்தால் ஆட்டுத்தீவனத்தில் கலக்கலாம். அரைக்காமல் போட்டால் ஆடே காடு முழுவதும் விதைத்துவிடும். இது பெரிய பேச்சு ஐயா, தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன்.

நாற்றங்கால், புதுவயல் | ஞாயிறு, பகல் 12.20

கருஞ்சாம்பல் எவருக்கும் வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள். நாற்றங்காலில் மண்ணோடு கலந்தால் மண் பொலபொலவென்று இருக்கிறது, நாற்றைப் பறிக்கும்போது வேர் அறுவதில்லை.

களத்துமேடு, புதுவயல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆய்வகச் சோதனைக்காகப் பத்து நாள், தினமும் காலையில் அதே நேரம், அதே இடத்தில் ஒவ்வொரு கிலோ எடுத்தேன். அடிச்சாம்பல் தனி, புகைபோக்கிச் சாம்பல் தனி. சிமென்ட் தரையில் கூம்பாகக் குவித்து, நான்காக வகுந்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுத்து மறுபடி கலந்து, மறுபடி வகுந்து, கடைசியில் ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ மிஞ்சும்வரை. என் மகளும் உட்கார்ந்து வகுந்தாள். ஆய்வகத்தில் கொடுத்தேன்.

அடிச்சாம்பலில் 100 கிராமை உலையில் மறுபடி எரித்ததில் 12 கிராம் குறைந்தது. புகைபோக்கிச் சாம்பலில் 31 கிராம் குறைந்தது. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரியாத கரி. என் உமியின் வெப்பத்தை நானே புகைபோக்கி வழியாக வீணாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அடிச்சாம்பலில் சிலிக்கா கணிசமாகப் படிகமாகிவிட்டது என்று எக்ஸ்-கதிர்ச் சோதனை சொன்னது. அதைக் காரத்தில் கரைத்து வெண்சிலிக்கா எடுப்பது லாபமாகாது.

இயந்திர வியாபாரியிடம், “50 கிலோ என் சாம்பலையே கொண்டுவருகிறேன், என் கண்முன்னே ஓட்டிக் காட்டுங்கள், அதன்பிறகு முன்பணம்” என்றேன். வெளியேறும் நீர் எங்கே போகும் என்றும் கேட்டேன். பிறகு அவர் அழைக்கவில்லை.

உலைக்குள் காற்று போகும் வழியைப் பட்டறைக்காரர் சரிசெய்துகொண்டிருக்கிறார். வெப்பம் ஒரே சீராக நின்றால் மறுபடி பத்து நாள் எடுப்பேன். தூசி பிடிக்கும் கூம்பு பாதி ஏறிவிட்டது. அதில் விழும் கருஞ்சாம்பலை நாற்றங்கால் அண்ணன் எடுத்துக்கொள்கிறார். தவிட்டுச் சல்லடையை மாற்றினேன், முதல் லோடுக்கே விலை கூடியது. தேவகோட்டை ஐயாவுக்கு நன்றி. பொதுக் கொட்டகை பற்றி இரண்டு ஆலைக்காரர்களிடம் பேசினேன். ஒருவர் சரி என்றார், ஒருவர் யோசிக்கிறார்.

முறத்தைக் கழுவி ஆச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். கூம்பு முழுதாக ஏறியபிறகு மறுபடி மிளகாய் காயப்போடுவேன், பார்ப்போம் என்றார்கள்.

கொத்தனார் ஐயா, அடிச்சாம்பலை அரைத்துச் சலித்து வைத்திருக்கிறேன். படிகமானது கலந்திருப்பதால் சுண்ணாம்போடு எவ்வளவு பிடிக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு வேண்டும்?

சுண்ணாம்புக் காரை, ஆத்தங்குடி | ஞாயிறு, மாலை 6.05

இரண்டு சாக்கு போதும் தம்பி. ஒன்றில் பழைய சாம்பல், ஒன்றில் காற்று வழி சரிசெய்தபின் வரும் புதுச் சாம்பல். எது எதுவென்று சாக்கின்மேல் எழுதிவிடுங்கள். வாயை இறுகத் தைத்து வையுங்கள், வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.